கேமராவுக்கு வைத்தியம்

என் கேமராவுக்கு நான்கு பேர் வைத்தியம் பார்த்தார்கள். நான்கு பேரும் நான்கு நோய் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னவன் பேச்சை நம்பி, பத்து வருஷமாக என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட ஒருத்தியை நடுக்கடையில் நிறுத்தி, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். எனக்கு வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் நடந்து வரும். இது எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம்.

சங்கரன்கோவிலில் ஒரு மொத்தச் சேலைக் கடையில் எனக்கு வேலை. தறியிலிருந்து வருகிற சேலையை மடித்து, உள்ளே அட்டை வைத்து, கவரில் போட்டு, பத்துப் பத்தாகக் கட்ட வேண்டும். பதினோரு வருஷமாக அதே கை, அதே மடிப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சி கடைப் போனை என் கையில் கொடுத்தார்.

“ஏ பூமாரி, புது டிசைனு வந்தா போட்டோ புடிச்சு வாட்சப்புல போட்டு விடு. எனக்கு அந்த எழவு வெளங்க மாட்டேங்கு.”

அன்றிலிருந்து படம் பிடிப்பதும் என் வேலை ஆயிற்று. சம்பளம் மட்டும் பழைய சம்பளம். போகட்டும். எனக்கு அதில் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அரக்குச் சேலை படத்திலும் அரக்காகவே இருக்க வேண்டும். டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தால் அது செங்கல் நிறமாகிவிடும். அதனால் காலை ஒன்பது மணிக்கு, வெயில் நேராக விழாமல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிவருகிற நேரம் பார்த்து, பின்வாசல் படியில் சேலையை விரித்து எடுப்பேன். ‘படத்துல ஒரு கலரு, பார்சல்ல ஒரு கலரு’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

ருக்ஸானா கடையநல்லூர்க்காரி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து, இருபது முப்பது சேலை எடுத்துப்போய் வீட்டிலேயே வைத்து விற்பவள். ஆடித் தபசுக் கூட்டம் கலைந்த மறுவாரம் வந்தபோது, நான் பின்வாசலில் படம் எடுப்பதை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி, சேலைக்கே இப்பிடி எடுக்கியே, எங்க வீட்டு ஆளுகள எடுக்க மாட்டியா? ஜொகராவுக்கு நிக்காஹ் வருதுல்லா. பொம்பளைங்க பக்கம் ஆம்பள போட்டோ எடுக்க வரக்கூடாதுன்னு எங்க உம்மா ஒத்தக் கால்ல நிக்காவ. பொம்பள ஆளு வேணும்னா திருநவேலிலருந்து வரணும். அவ கேக்குத ரூவாய்க்குப் பொண்ணுக்கு இன்னொரு வளையலு போட்டுரலாம்.”

ஜொகரா அவள் தங்கை.

“போன்லயா எடுக்கச் சொல்லுத?” என்றேன்.

“போன்ல எடுத்தா மாப்பிள்ள வீட்டுல சிரிப்பாவ. எங்க தம்பி மசூது சவுதில, தம்மாம்ல வாங்குன கேமரா அலமாரிக்குள்ள சும்மாதான் கிடக்கு. குறைச்சுத் தரச் சொல்லுதேன். நீ மட்டும் நல்லா எடுத்துக் காட்டிட்டேன்னா எங்க தெருவுலயே வருசத்துக்கு இருபது கல்யாணம் உண்டு பாத்துக்க.”

இருபது கல்யாணம்! எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அட்டை வைத்துக் கட்டுகிற கைக்கு இன்னொரு தொழில். அதுவும் ருக்ஸானா தன் வீட்டில் தன் வாக்கைக் கொடுத்து எனக்கு வாங்கித் தருகிற தொழில். ஐந்து வாரம் கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் சரியாக எடுத்தால் பிழைத்தேன். சொதப்பினால் எனக்கு நஷ்டம், அவளுக்குச் சம்பந்தி வீட்டின் முன்னால் அவமானம்.

குழுச் சீட்டைத் தள்ளி எடுத்துப் பதினாலாயிரம் கொடுத்தேன். கடையநல்லூரில் அவள் உம்மா கேமராப் பையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்து, வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார். வயசான மனுஷி, முன்பல் இரண்டும் கிடையாது. சிரித்தால் குழந்தை மாதிரி இருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் வீட்டுக்காரர் பாண்டியராஜ் ஏற இறங்கப் பார்த்தார். அவர் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். காலையில் எலுமிச்சை மூட்டை ஏற்றிக்கொண்டு புளியங்குடி மார்க்கெட்டுக்குப் போனால் மத்தியானம் திரும்புவார். பேச்சு குறைவு. பேசினால் குத்தல்.

“சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிடணும்னு முடிவு பண்ணிட்ட.”

“உங்க காசு இல்லல்லா? சும்மா இருங்க.”

சும்மா இருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கேமரா பக்கமே அவர் திரும்பவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் எதிர்வீட்டுச் செம்பருத்தியை எடுத்தேன். பூவின் நடுவில் இருக்கிற மகரந்தத் தூள்கூடத் தெரிந்தது. அடடா, என் கையா எடுத்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை. மறுநாள் அதே செம்பருத்தியை அதே இடத்தில் நின்று எடுத்தேன். லேசாகப் பனி மூட்டம். அதற்கு மறுநாள் பனி கொஞ்சம் கூடிற்று. எங்கள் ஊரில் ஏது பனி? வெயில் மண்டையைப் பிளக்கிறது.

எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன் என்றுதான் தோன்றியது. தோன்றாமல் என்ன செய்யும்? உள்ளே வருகிற எழுத்து முழுக்க அரபி. வலமிருந்து இடமாக ஓடுகிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அடுத்த தடவை ருக்ஸானா கடைக்கு வந்ததும் அவள் கையில் கொடுத்தேன். அவள்தான் முதல் வைத்தியர். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, ராகத்தோடு வாசித்தாள். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

“சரி, என்ன அர்த்தம்?” என்றேன்.

“அர்த்தமா? எனக்கு ஓதத்தான் தெரியும். அர்த்தம் பள்ளிவாசல் அசரத்துக்குத்தான் தெரியும்.”

“அப்பம் அவியட்டப் போயிக் கேப்போமா?”

“கேமராவத் தூக்கிட்டுப் பள்ளிவாசலுக்கா? போட்டி, கூறுகெட்டவளே! கேமராவுல ஒண்ணுமில்ல, அதுக்குச் சூடு ஏறியிருக்கும். அணைச்சுப் போடு, தன்னால சரியாவும்.”

அணைத்துப் போட்டேன். சரியாகவில்லை. பிறகு தம்மாமிலிருந்து மசூது வீடியோ காலில் வந்து, “அக்கா, மேலருந்து நாலாவது, ஆங், அத அமுக்குங்க, இப்பம் கீழ வாங்க” என்று வழிகாட்டி, அரபியை ஆங்கிலமாக மாற்றினான். அவன் இரண்டாவது வைத்தியன். இனிமேல் எல்லாம் விளங்கிவிடும் என்று பார்த்தால், அரபியில் விளங்காதது இப்போது ஆங்கிலத்தில் விளங்கவில்லை. பனி அப்படியே இருந்தது. பேட்டரி போயிருக்கும், புது பேட்டரி வாங்குங்கள் என்றான். பேட்டரி போனால் கேமரா அணையும், எங்கேயாவது பனி பெய்யுமா?

மூன்றாவது வைத்தியர் யூடியூப். சேலை மடிக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். கேட்கக் கேட்கத் தலை சுற்றியது. ஐஎஸ்ஓ என்றால் மின்விசிறிப் பெட்டியின் மேல் அடிக்கிற முத்திரை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இங்கே அதைக் கூட்டு, குறை என்கிறார்கள். லென்ஸுக்குள் ஓர் ஓட்டை இருக்கிறதாம். எண் சின்னதானால் ஓட்டை பெரிதாம், எண் பெரிதானால் ஓட்டை சின்னதாம். இது எந்த ஊர் நியாயம்? ஒருவன், வெளிச்சம்தான் முக்கியம், கேமரா முக்கியம் இல்லை என்றான். அடுத்தவன், இந்த லென்ஸைக் குப்பையில் போடு, நாற்பதாயிரத்துக்கு வேறு வாங்கு என்றான். எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: என்ன ஆனாலும் லென்ஸ் கண்ணாடியைக் கையால் தொடாதே. தொட்டால் போச்சு.

அதை மட்டும் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வாங்கின அன்று முந்தானையால் ஒரு தடவை துடைத்ததோடு சரி. அப்புறம் அந்தக் கண்ணாடியைத் தொடவும் இல்லை, குனிந்து உற்றுப் பார்க்கவும் இல்லை. மூடியைக் கழற்றுவேன், எடுப்பேன், மூடியைப் போடுவேன்.

பனியைத் தவிர மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. மூன்று கால் ஸ்டாண்ட் வாங்க வசதியில்லை. பழைய லுங்கியில் பை தைத்து, இரண்டு கிலோ உளுந்தைக் கொட்டிக் கட்டினேன். அதன்மேல் கேமராவை அமுக்கி வைத்தால் அசையாது. சேலைக்குள் வைக்கிற வெள்ளை அட்டைகளை ஒட்டிப் பெரிதாக்கி, முகத்தில் நிழல் விழுகிற பக்கம் பிடித்தால் அங்கேயும் வெளிச்சம் போய்ச் சேரும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. பின்வாசல் சுவர் சொல்லித் தந்ததுதான். அட்டைக்கு அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. உளுந்து மட்டும் தோசைக்குக் குறைந்ததால் வீட்டில் இரண்டு நாள் கோதுமை உப்புமா. பாண்டியராஜ் தட்டைப் பார்த்தார், லுங்கிப் பையைப் பார்த்தார், சாப்பிட்டார்.

நிக்காஹுக்கு எட்டு நாள் முன்னால், சனிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஜொகராவுக்குப் பூ வைக்க வந்தார்கள். ‘அன்னிக்கே வந்து எடு, ஒரு ஒத்திகையா இருக்கும்’ என்றாள் ருக்ஸானா. உளுந்துப் பையும் அட்டையுமாகப் போய் இறங்கினேன். உம்மா கேமராவை வாங்கி, “பொண்ணுட்ட காட்டிட்டுத் தாரேன்” என்று உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் கழித்துக் கொடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன். கேமராவுக்குப் பின்னால் இருக்கிற சின்னத் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தன. ஊருக்கு வந்து கடைக் கம்ப்யூட்டரில் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

மாவு கரைத்த தண்ணீருக்குள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு இருந்த இடத்திலெல்லாம் வெள்ளையாக ஒரு மேகம். ஜொகரா முகத்தில் கண் எது, மூக்கு எது என்று தேட வேண்டியிருந்தது. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “என்ன பூமாரி, குற்றாலச் சாரலுக்குள்ள வச்சா எடுத்த?” என்றார்.

வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுதேன்.

“கண்ணுல பூ விழுந்துட்டுங்க இதுக்கு. குருட்டுக் கேமராவுக்கா நான் சீட்டுப் பணத்தக் கொடுத்தேன்? ஒரு வாரத்துல கல்யாணம். என்ன செய்யன்னே எனக்குத் தெரியல.”

பாண்டியராஜ் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார். “ஆத்தா சன்னதில சக்கரத்துல போயி கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வா” என்றார். கோமதி அம்மன் சன்னதியில் தரையில் இருக்கிற அந்தச் சக்கரத்தில், புத்தி பேதலித்தவர்களைத்தான் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். வேறு சமயமாயிருந்தால் செம்பு பறந்திருக்கும். அன்று எனக்கே அது சரியென்றுதான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான்காவது வைத்தியரிடம் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிற வெங்கடேஷ். மூடியைக் கழற்றி, போன் லைட்டை லென்ஸுக்குள் அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பார்த்தது அரை நிமிஷம்கூட இருக்காது.

“பங்கஸ். லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சிருக்கு. வருசக்கணக்கா அலமாரில பூட்டி வச்ச சாமான்லா இது? உங்கள நல்லா ஏமாத்திட்டாவ அக்கா. வேணும்னா மூவாயிரத்துக்கு நானே எடுத்துக்கிடுதேன்.”

அலமாரி என்ற ஒரு சொல் போதும் எனக்கு. அலமாரிக்குள் கிடந்தது என்று ருக்ஸானாவே தன் வாயால் சொன்னாளே! ராத்திரி முழுக்க அது மண்டைக்குள் ஊறியது. திங்கட்கிழமை அவள் கல்யாணத்துக்குக் கொடுக்கச் சேலை எடுக்க வந்தாள். முப்பது சேலை தேர்ந்தெடுத்து அடுக்கி வைத்திருந்தாள். சிரித்துக்கொண்டே, “படம் எங்கட்டி? உம்மா கேட்டுக்கிட்டே இருக்காவ” என்றாள்.

அவ்வளவுதான்.

“படமா? ஒன் தம்பி அழுகின சாமான என் தலையில கட்டிட்டு அங்கன அரபு நாட்டுல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கான். நீயும் சேந்துதான செஞ்ச? பத்து வருசம் ஒண்ணா சாப்பிட்டது இதுக்குத்தானாட்டி?”

அண்ணாச்சி கால்குலேட்டரைத் தட்டுவதை நிறுத்தினார். ருக்ஸானா ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அடுக்கின முப்பதில் ஒரு சேலையைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

திருப்பிப் பேசியிருந்தால் சண்டையாகியிருக்கும், சண்டை போட்டால் மறுநாள் சேர்ந்திருப்போம். பேசாமல் போனவளை என்ன செய்வது? அப்படியானால் உண்மையிலேயே ஏமாற்றிவிட்டாளா? உண்மை என்பதால்தான் வாய் திறக்கவில்லையா? ஏமாற்றுகிறவள் எதற்குத் தன் தங்கை கல்யாணத்துக்கு என்னையே கூப்பிடுகிறாள்? ஒரு பக்கம் யோசித்தால் அவள் கள்ளி. மறுபக்கம் யோசித்தால் நான் சண்டாளி. செவ்வாய்க்கிழமை போன் போட்டேன், எடுக்கவில்லை. புதன்கிழமையும் எடுக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அது நான்தானோ என்றும் வந்தது. தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டுத் திருப்ப மறந்து, அது கருகி நாறிய பிறகுதான் சுயநினைவு வந்தது.

வியாழக்கிழமை காலை எப்போதையும்விட முன்னால் விழிப்பு வந்துவிட்டது. அடுப்படிப் பக்கம் லைட் எரிந்தது. போய்ப் பார்த்தால் பாண்டியராஜ் சாமி படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் என் கேமரா. மூடி கழற்றிக் கீழே கிடக்கிறது. பக்கத்தில் கோயிலிலிருந்து கொண்டுவருகிற புற்றுமண் டப்பா. ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் தொட்டு, மண்ணில் தொட்டு, லென்ஸின் நட்டநடுவில் வட்டமாக, அவ்வளவு பக்குவமாகத் தடவிக்கொண்டிருக்கிறார்.

“என்னங்க செய்யுதிய?”

ஆள் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்.

“ஒண்ணுமில்ல. கண்ணுக்கு மருந்து.”

“யாரு கண்ணுக்கு?”

“இதுக்குத்தான். பூ விழுந்துட்டுன்னு நீதான அழுத. ஆத்தா மண்ணுக்குக் கேக்காத நோவா? அதான் நாலஞ்சு நாளா ரெண்டு வேளையும் போடுதேன்.”

அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

“நாலஞ்சு நாளாவா? அதுக்கு முன்னால?”

“அதுக்கு முன்னால காலையில மட்டும்தான். நீ வாங்கிட்டு வந்த மறுநாளுலருந்து. புதுச் சாமான்லாட்டி! வண்டி வாங்குனப்ப மூஞ்சில பொட்டு வைக்கலையா? இதுக்கு மூஞ்சி எதுன்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன். இந்தக் கண்ணாடிதான் மூஞ்சின்னு தெரிஞ்சுது. அதுல வச்சு, கும்பிட்டு, பொறவு துடைச்சிருவேன். நீ பாத்தா ஏசுவேல்லா.”

“எதுல துடைச்சிய?”

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காட்டினார். எலுமிச்சை மூட்டை சுமக்கிற துண்டு.

நான் கேமராவைப் பிடுங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். கண்ணாடி முழுக்க மண்ணும் பிசுக்கும் சேர்ந்து, வட்ட வட்டமாக, காய்ந்த கோலம் மாதிரி ஒரு படலம். மூன்று வாரமாக நான் தொடாமல், பார்க்காமல், வேதவாக்காகக் காத்துவந்த கண்ணாடி. நான் பனி கூடுகிறது என்று புலம்பப் புலம்ப இந்த மனுஷன் மருந்தைக் கூட்டியிருக்கிறார். மருந்து கூடக் கூடப் பனி கூடியிருக்கிறது.

“படுபாவி மனுஷா! உங்க மண்ணுல...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது ஆத்தா மண் அல்லவா? அதை ஏசினால் நாக்கு அழுகும். சரி, மனுஷனையாவது ஏசலாம் என்று பார்த்தால், சூனியம் என்று கேலி பேசிய அதே ஆள், மூன்று வாரமாக விடியுமுன் எழுந்து, எனக்குத் தெரியாமல் என் கேமராவைக் கும்பிட்டிருக்கிறார். அவரை எப்படி ஏசுவது? யூடியூபை ஏசலாமா? வெங்கடேஷை ஏசலாமா? யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகை வந்தது. அழும்போது ருக்ஸானா பேசாமல் படியிறங்கிப் போனது ஞாபகம் வந்தது. சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

“அவளப் போயி கள்ளின்னு சொல்லிட்டேனே” என்றேன்.

அவருக்கு அப்போதுதான் விஷயம் முழுக்க ஏறியது. துண்டைக் கீழே வைத்தார். “வண்டிய எடுக்கேன். நானும் வாரேன். நான்தான சொல்லணும்” என்றார். கல்யாணமான பதினைந்து வருஷத்தில் அவர் தானாக வருகிறேன் என்று சொன்ன முதல் இடம் அது.

கண்ணாடிக் கடை திறக்கிற வரைக்கும் வாசலில் நின்றோம். மூக்குக் கண்ணாடிக்கு அடிக்கிற தண்ணீரை அடித்து, மெத்தென்ற துணியால் மூன்று தடவை ஒற்றி எடுத்தார் கடைக்காரர். மயிர் கனத்தில் இரண்டு கீறல் மட்டும் போகவில்லை. கடைக்குப் போய்ப் பின்வாசல் படியில் ஓர் அரக்குச் சேலையை விரித்து எடுத்தேன். கம்ப்யூட்டரில் பார்த்தேன். அரக்கு அரக்காகவே இருந்தது. ஜரிகையில் நூல் பிரிந்த இடம்கூடத் தெரிந்தது. சந்தோஷப்படத் தோன்றவில்லை.

புளியங்குடியில் மூட்டையை இறக்கிவிட்டு, எலுமிச்சை வாசத்தோடு கடையநல்லூர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. கல்யாண வீடு, வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தது ருக்ஸானாதான். வழி முழுக்கப் பாடம் பண்ணி வைத்திருந்த மன்னிப்பை நான் வாயெடுப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“பூமாரி, என்ன மன்னிச்சிருட்டி.”

மன்னிப்புக் கேட்க வந்தது நான். கேட்கிறது அவள்.

“நீ கேட்டது ஞாயம்தான். என்ன பதில் சொல்லன்னு தெரியாமத்தான் போன எடுக்கல. எங்க உம்மாதான் அதக் கெடுத்தது. ஒனக்குத் தாரதுக்கு முன்னால உள்ள வச்சு ஓதி, அந்தக் கண்ணாடி மேலயே ஊதுனாவ. அன்னிக்குப் பூ வைக்க வந்தப்பவும் பொண்ணுட்ட காட்டுதேன்னு உள்ள கொண்டு போயி ஊதுனாவ. அவியளுக்குப் பல்லும் கிடையாது, ஊதுனா எச்சிதான் வரும். நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். நல்லதுக்குத்தானன்னு பேசாம இருந்துட்டேன். நீ கடையில கேட்டதும் எனக்கு அதான் முன்னால வந்து நின்னுது. பெத்தவள எப்பிடிட்டி கடையில வச்சுக் காட்டிக் கொடுக்க?”

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து பாண்டியராஜ் முன்னால் வந்தார். கையில் புற்றுமண் டப்பா. அதை எதற்கு எடுத்துக்கொண்டு வந்தார் என்று அவருக்குத்தான் தெரியும்.

“தங்கச்சி, உங்க உம்மா இல்ல. நான்தான். நான் ரெண்டு வேளையும் மண்ணு போட்டேன்” என்றார், போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி.

ருக்ஸானா அவரைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் முகம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து சிரித்தாள். என்ன சத்தம் என்று உம்மா உள்ளேயிருந்து வந்தார். அவருக்கும் சொன்னதும், “எங்க வீட்டு ஊதலுக்கு மேல உங்க வீட்டு மண்ணா? பொறவு எப்பிடித் தாயி கண்ணு தெரியும்?” என்றார்.

நான் ருக்ஸானாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். “கள்ளின்னு சொல்லிட்டேனட்டி, அதுவும் அத்தன பேரு முன்னால” என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். “சொன்ன. வலிச்சுது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, “திருநவேலி போட்டோக்காரிக்கு நான் இன்னும் சொல்லல. மாப்பிள்ள வீட்டுல பூ வச்ச படம் கேட்டதுக்கு ஆல்பம் போடக் கொடுத்திருக்குன்னு பொய் சொல்லி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை நேரத்தோட வந்து சேரு” என்றாள்.

கடை முன்னால் ஏசியதற்குக் கடை முன்னாலேயே ஈடு கட்டினேன். வெள்ளிக்கிழமை அண்ணாச்சி முதல் எல்லோரையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவள் அடுக்கி வைத்துவிட்டுப் போன முப்பது சேலையை நானே கட்டி எடுத்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உளுந்துப் பை, வெள்ளை அட்டை, கேமரா எல்லாம் எடுத்து வைத்தேன். பாண்டியராஜ் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். கையில் டப்பா. என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், கேட்கத் தயங்கினார்.

“எங்கன வைக்க?”

நான் லென்ஸ் மூடியை டக்கென்று மாட்டி, நன்றாக விழுந்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டு, அவர் முன்னால் நீட்டினேன். மூடியின் நடுவில் பொட்டு வைத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். இந்தத் தடவை துடைக்கவில்லை.

கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் அடைத்துப் போட்ட மாதிரிக் கூட்டம். ஜொகரா பச்சைப் பட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் தாயார், இந்தச் சேலைக் கடைக்காரி என்ன கிழிக்கப் போகிறாள் என்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண் சின்னதானால் ஓட்டை பெரிதா, சின்னதா? சத்தியமாக அந்த நிமிஷத்தில் மறந்துபோயிற்று. ருக்ஸானா வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு, ஜொகராவின் முகத்தில் நிழல் விழுந்த பக்கம் தானாகவே போய் நின்றாள்.

உம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்தது. மூடியைக் கழற்றாமல் அப்படியே நீட்டினேன்.

மூடியில் இருந்த பொட்டை அவர் பார்த்தார்.

“வீட்டுக்காரரு வச்சதா?”

“ஆமாம்மா.”

தலையை ஆட்டிக்கொண்டார். வாய்க்குள் ஓதினார். ஓதி முடித்து, பொட்டின் மேல் படாமல், முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஓரத்தில் ஊதினார். இரண்டு மூன்று துளி மூடியில் விழுந்தது.

மூடியைக் கழற்றிப் பத்திரமாக ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, “ஜொகரா, இங்கன பாரு” என்றேன்.